டவர் படுத்துவிட்டால் யார் பேசுவார்கள்? ஹாம் ரேடியோ கிளப்களுக்குள் என்னதான் நடக்கிறது?

2015 டிசம்பர் முதல் வாரம் சென்னையில் இருந்தவர்களுக்கு ஒன்று நன்றாக நினைவிருக்கும். வீட்டுக்குள் ஏறிய தண்ணீருக்கு இணையாகப் பலரைப் பதறவைத்தது மொபைல் திரையின் மூலையில் தெரிந்த ‘நோ சர்வீஸ்’. முடிச்சூரில் இருக்கும் அம்மா மாடிக்குப் போய்விட்டாரா, கோட்டூர்புரத்து நண்பன் வெளியே வந்துவிட்டானா என்று கேட்க வழியே இல்லை. டவர்களுக்குக் கரன்ட் இல்லை. ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுபோகச் சாலை இல்லை.

அந்த நாட்களிலும் சிலர் தங்களுக்குள் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். கையில் ஒரு சின்ன ரேடியோ, மாடியில் ஒரு கம்பி, பக்கத்தில் ஒரு கார் பேட்டரி. அவர்கள் போலீஸ் இல்லை, ராணுவம் இல்லை, டெலிகாம் கம்பெனி ஊழியர்களும் இல்லை. வங்கியில் வேலை பார்ப்பவர், ஐடி ஊழியர், ஓய்வுபெற்ற ஆசிரியர், கல்லூரி மாணவர் என்று சாதாரண ஆட்கள். ஒரே ஒற்றுமை, அவர்களிடம் ஹாம் ரேடியோ உரிமம் இருந்தது.

ஹாம் ரேடியோ என்றதும் பலர் கேட்கும் முதல் கேள்வி: ‘வாட்ஸ்அப் காலத்துல இது இன்னும் இருக்கா?’ இருக்கிறது. ஊருக்கு ஊர் கிளப் வைத்து, வாரா வாரம் கூடி, சண்டை போட்டு, சமாதானமாகி, இன்னமும் நடந்துகொண்டிருக்கிறது.

ஹாம்னா யாரு?

அதிகாரபூர்வப் பெயர் அமெச்சூர் ரேடியோ. காசுக்காக இல்லாமல், கற்றுக்கொள்வதற்கும் பரிசோதனை செய்வதற்கும் ரேடியோ அலைகளைப் பயன்படுத்துபவர்கள் என்று பொருள். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் இவர்களுக்கென்றே சில அலைவரிசைகளை ஒதுக்கி வைத்திருக்கிறது. ஒவ்வொரு நாட்டு அரசும் தேர்வு வைத்து உரிமம் கொடுக்கிறது. தேர்வில் பாஸானவருக்கு உலகத்தில் வேறு யாருக்கும் இல்லாத ஓர் அழைப்புக் குறியீடு கிடைக்கும். இந்தியர்களுக்கு அது பெரும்பாலும் வி.யூ.2 அல்லது வி.யூ.3 என்று தொடங்கும். முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தியின் குறியீடு வி.யூ.2.ஆர்.ஜி. ஹாம்களுக்குப் பெயரைவிட இந்தக் குறியீடுதான் முக்கியம். பத்து வருஷம் பழகிய நண்பரின் இனிஷியல் தெரியாமல் இருக்கும், ஆனால் குறியீடு தூக்கத்தில் கேட்டாலும் வரும்.

மொபைலுக்கும் இதற்கும் அடிப்படை வித்தியாசம் ஒன்றுதான். உங்கள் மொபைல் பக்கத்துத் தெருவில் இருப்பவரோடு பேசக்கூட டவர், ஃபைபர், சர்வர் என்று பல கைகள் மாறியாக வேண்டும். நடுவில் ஒரு கை விட்டால் கதை முடிந்தது. ஹாம் ரேடியோவில் இந்த ஆன்டெனாவிலிருந்து அந்த ஆன்டெனாவுக்கு நேரடிப் பயணம். நடுவில் இருப்பது காற்றும் வானமும் மட்டுமே.

வானம் என்பதை உவமையாகச் சொல்லவில்லை. தரையிலிருந்து பல நூறு கிலோமீட்டர் உயரம் வரை பரந்திருக்கும் அயனி மண்டலம், குறிப்பிட்ட சில அலைகளைக் கண்ணாடி மாதிரி பூமிக்கே திருப்பி அனுப்பும். பகலில் 7 மெகாஹெர்ட்ஸில் பேசினால் தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா வட்டாரத்தில் கேட்கும். சூரியன் மறைந்ததும், பகலில் அலைகளை உறிஞ்சிக்கொண்டிருந்த கீழ் அடுக்கு கலைந்துவிடும். அதே 7 மெகாஹெர்ட்ஸ், அதே கம்பி, இப்போது ஐரோப்பாக்காரர் பதில் சொல்வார். செலவழிக்கும் சக்தி பெரும்பாலும் 100 வாட்தான், ஒரு பழைய குண்டு பல்பு அளவு. இதில் சூரியனுக்கும் பங்கு உண்டு. சூரியப் புள்ளிகள் சுமார் 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடிக் குறையும். 2024-ல் சூரியன் உச்சக்கட்டத்தில் இருந்ததால், அந்தச் சமயத்தில் உரிமம் வாங்கியவர்களுக்குச் செம அதிர்ஷ்டம்.

காலை அட்டெண்டன்ஸ்

ஒரு கிளப்பின் உயிர்நாடி எது என்று கேட்டால் கட்டடமோ பேங்க் அக்கவுண்டோ இல்லை, ‘நெட்’. இன்டர்நெட்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். குறித்த நேரத்தில், குறித்த அலைவரிசையில் எல்லோரும் கூடும் வானொலிக் கூட்டத்துக்குப் பெயர் அது. சில கிளப்களில் தினமும் காலை, சிலவற்றில் ஞாயிறு மட்டும்.

ஒருவர் நெட் கன்ட்ரோல். வகுப்பு ஆசிரியர் மாதிரி. அவர் அழைக்க, ஒவ்வொருவராகத் தங்கள் குறியீட்டைச் சொல்லி ‘செக்-இன்’ ஆவார்கள். ‘உங்க சிக்னல் அஞ்சு-ஒன்பது, ஆடியோ மட்டும் கொஞ்சம் அமுங்கி கேக்குது’ என்கிற மாதிரி ஒரு ரிப்போர்ட், அங்கே மழையா வெயிலா, புதிதாகக் கட்டிய ஆன்டெனா எப்படி இருக்கிறது, முழங்கால் ஆபரேஷன் ஆனவர் எழுந்து நடக்கிறாரா. வெளியிலிருந்து கேட்பவருக்கு ‘இதுக்கா இவ்வளவு மெஷின்?’ என்று தோன்றும்.

ஆனால் கொஞ்சம் கவனித்தால் வேறொன்று புரியும். ஒரே நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். மைக் பட்டனை அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். குறுக்கே பேச வேண்டுமென்றால் இடைவெளி வரும்வரை காத்திருந்து குறியீட்டைச் சொல்லி அனுமதி கேட்க வேண்டும். ஒருவரது சிக்னல் நெட் கன்ட்ரோலுக்குக் கேட்கவில்லையென்றால், நடுவில் இருக்கும் இன்னொருவர் ‘நான் ரிலே பண்றேன்’ என்று அவர் சொன்னதை அப்படியே, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் கடத்துவார். அலுவலக வீடியோ மீட்டிங்கில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசிப் பழகியவர்களுக்கு இந்த ஒழுங்கு கொஞ்சம் பொறாமையாகவே இருக்கும்.

வெள்ளத்திலும் புயலிலும் வேலை செய்வது இந்தப் பழக்கம்தான். எந்த முகவரி, எத்தனை பேர், என்ன மருந்து, யாரிடம் சேர வேண்டும் என்று ஒரு செய்தி நான்கு கைகள் மாறினாலும் மாறாமல் போய்ச் சேர வேண்டும். அதை வெள்ளம் வந்த அன்று கற்றுக்கொள்ள முடியாது. முழங்கால் ஆபரேஷன் பற்றிப் பேசிய அத்தனை காலைகளும் அதற்கான ஒத்திகை.

நெட்டில் பேசக் கூடாதவையும் உண்டு. வியாபாரம் கூடாது, பாட்டுப் போடக் கூடாது, ரகசியக் குறியீட்டில் பேசக் கூடாது. யார் வேண்டுமானாலும் ஒட்டுக்கேட்கலாம் என்பதுதான் இதன் அடிப்படை நிபந்தனையே. இவை சட்டம். அரசியலையும் மதத்தையும் தவிர்ப்பதும் வழக்கம். குடும்ப வாட்ஸ்அப் குரூப்களில் இருந்து தப்பித்து வந்தவர்களுக்கு இது ஒன்றே போதும்.

இன்னொரு வேடிக்கை. ஆண் ஹாம்கள் எல்லோரும் ‘ஓ.எம்’, அதாவது ‘ஓல்டு மேன்’. வயது 19 ஆனாலும் ஓல்டு மேன்தான். பெண்கள் எல்லோரும் ‘ஒய்.எல்’, ‘யங் லேடி’, எழுபது வயதானாலும். ‘சார்’ போடாமல் வாக்கியமே முடியாத நம் ஊரில், கல்லூரி மாணவரும் ரிட்டயர்டு சீஃப் இன்ஜினீயரும் ஒருவரையொருவர் ஓ.எம் என்று கூப்பிடுவது லேசான விஷயம் இல்லை.

மலை உச்சியில் ஒரு தபால்காரர்

கையடக்க ரேடியோ பயன்படுத்துவது பெரும்பாலும் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ். இது அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பாது, நேர்கோட்டில் போகும். பூமி உருண்டை என்பதால் தரையில் நிற்கும் இருவர் பத்துக் கிலோமீட்டரைத் தாண்டுவதே கஷ்டம். அதுவும் கட்டடங்கள் நிறைந்த நகரத்தில் இரண்டு தெரு தாண்டினாலே பெரிது.

அதற்குத்தான் ரிப்பீட்டர். உயரமான இடத்தில் நிற்கும் ஒரு தானியங்கி நிலையம், ஓர் அலைவரிசையில் கேட்டதை அதே நொடியில் இன்னோர் அலைவரிசையில் உரக்கத் திருப்பிச் சொல்லும். உயரம் கூடக் கூட எட்டும் தூரமும் கூடும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். அந்த உயரத்திலிருந்து ரேடியோ அலை, நடுவில் மலை மறைக்காத திசைகளில், சமவெளியில் சுமார் 180 கிலோமீட்டர் வரை போகும். மதுரை, திண்டுக்கல், விருதுநகர் எல்லாம் அந்த வட்டத்துக்குள். 5 வாட் ரேடியோ வைத்திருப்பவர் மாவட்டம் தாண்டிப் பேசுவதன் ரகசியம் இதுதான்.

ரிப்பீட்டரை யார் பராமரிப்பது? கிளப்தான். இடி விழுந்து கருகினால், பேட்டரி செத்தால், யாராவது பையைத் தூக்கிக்கொண்டு மலை ஏற வேண்டும். செலவுக்கு உறுப்பினர்களிடம் வசூல். ‘யூஸ் பண்றது எல்லாரும், காசு கொடுக்கிறது நாலு பேர்’ என்ற புலம்பல் உலகத்தின் எந்த ஹாம் கிளப்பிலும் கேட்கும்.

மொட்டை மாடிப் பஞ்சாயத்து

நீண்ட தூரம் பேச நீண்ட கம்பி வேண்டும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கான எளிய ஆன்டெனா, நடுவில் வெட்டி இரண்டு பக்கமும் பத்துப் பத்து மீட்டர் நீட்டிய செப்புக் கம்பி. மொத்தம் 20 மீட்டர். பார்க்கத் துணி காயப்போடும் கொடி மாதிரியே இருக்கும், சில வீடுகளில் அதற்கும் பயன்பட்டிருக்கலாம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு நடை நடந்தால் கேபிள், கனெக்டர் எல்லாம் கிடைத்துவிடும்.

கம்பி கிடைத்துவிடும், மாடி கிடைக்காது. தனி வீடு இருந்த காலத்தில் இது பிரச்சினையே இல்லை. இப்போது அப்பார்ட்மென்ட் அசோசியேஷன் அனுமதி வேண்டும். ‘ரேடியேஷன் வருமா? டிவி தெரியாமப் போகுமா? இடி இழுக்குமா?’ மூன்றுக்கும் பதில் சொல்லிப் புரியவைத்தாலும் செக்ரட்டரி மாறினால் மறுபடி முதலிலிருந்து. இந்தப் பொழுதுபோக்கை விட்டவர்களில் கணிசமானோர் ஆர்வம் போய் விடவில்லை, மாடி போய் விட்டார்கள்.

இந்த இடத்தில்தான் கிளப்பின் அருமை தெரிகிறது. கிளப்பின் பெயரிலேயே உரிமம் வாங்கி ஒரு பொது நிலையம் வைக்கலாம். வீட்டில் ஆன்டெனா கட்ட முடியாதவர் அங்கே வந்து உட்காரலாம். புதியவருக்கு முதல் ஆன்டெனா கட்டித்தர மூன்று பேர் வந்து, ஒருவர் கயிறு பிடிக்க, ஒருவர் மீட்டர் பார்க்க, ஒருவர் கீழே நின்று ‘இன்னும் கொஞ்சம் லெஃப்ட்’ என்று சத்தம் போடுவது எல்லா ஊரிலும் நடக்கிற சடங்கு. பூர்த்தி விழாவுக்கு டீ, வடை.

ரேடியோவையே சொந்தமாகச் செய்துகொள்பவர்களும் உண்டு. ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் என்ற ரேடியோவின் வரைபடத்தை யாரும் இலவசமாக எடுத்துச் செய்யலாம். வெளிநாட்டு ரேடியோவுக்கு லட்சம் ரூபாய் கொடுக்க முடியாத இந்தியர்களுக்காக, உள்ளூர்க் கடையில் கிடைக்கும் பாகங்களை வைத்து உருவானது. பிறகு அமெரிக்க, ஐரோப்பிய ஹாம்களே இதைத் தேடி வாங்கினார்கள்.

நரி வேட்டை

கிளப்புக்கு இளைஞர்களை இழுக்கச் சிறந்த வழி எது என்றால், சந்தேகமில்லாமல் ‘ஃபாக்ஸ் ஹன்ட்’. கண்ணாமூச்சியின் ரேடியோ வடிவம். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய டிரான்ஸ்மிட்டர் ஒன்றை ஒரு பூங்காவிலோ கல்லூரி வளாகத்திலோ ஒளித்துவைப்பார்கள். அதுதான் நரி. விட்டுவிட்டுச் சத்தம் எழுப்பிக்கொண்டே இருக்கும். முதலில் கண்டுபிடிப்பவர் ஜெயித்தவர்.

கையில் இருக்கும் ஆயுதம், பிவிசி குழாயில் அளவு டேப்பின் எஃகுப் பட்டையை வெட்டி ஒட்டிச் செய்த ஆன்டெனா. சில நூறு ரூபாய். டிவி ஆன்டெனா போலத் தோற்றம். அதைச் சுற்றிச் சுற்றித் திருப்பினால் நரி இருக்கும் திசையில் சிக்னல் கூடும். வரைபடத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டு, இன்னோர் இடத்துக்கு ஓடி அங்கிருந்து இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில் நரி.

சுலபமாகத் தெரியும். ஆனால் கட்டடச் சுவரில் பட்டுத் திரும்பும் சிக்னல் பொய்த் திசை காட்டும். பக்கத்தில் போய்விட்டால் சிக்னல் அவ்வளவு பலமாகி எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே அளவு காட்டும். அனுபவசாலிகள் அப்போது ஆன்டெனாவையே கழற்றிவிட்டு, ரேடியோவை நெஞ்சோடு அணைத்தபடி மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுவார்கள். முதுகுப் பக்கத்திலிருந்து வரும் சிக்னலை உடம்பு மறைக்கும். சத்தம் எப்போது குறைகிறதோ, அப்போது நரி முதுகுக்குப் பின்னால். பூங்காவில் நடைப்பயிற்சி செய்பவர்கள் விசித்திரமாகப் பார்ப்பார்கள்தான், என்ன செய்ய?

விளையாட்டு என்றாலும் பயன் நிஜம். ஓர் அலைவரிசையைக் கெடுத்துக்கொண்டிருக்கும் பழுதான சாதனத்தைத் தேட இதே உத்திதான். விபத்தில் சிக்கிய விமானத்தின் அவசர பீக்கனைத் தரையில் தேடுபவர்கள் செய்வதும் இதே வேலை.

தலைக்கு மேலே பறப்பவை

2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய பி.எஸ்.எல்.வி. சி-6 ராக்கெட்டில் கார்ட்டோசாட்-1 உடன் 42.5 கிலோ எடையில் ஒரு குட்டிச் செயற்கைக்கோள் போனது. பெயர் ஹாம்சாட். ஹாம்களுக்காகவே இஸ்ரோ செய்தது. இரண்டு ரிலே கருவிகளில் ஒன்றை நெதர்லாந்தைச் சேர்ந்த ஒரு மாணவ ஹாம் வடிவமைத்திருந்தார். 2014 ஜூலை வரை அது உழைத்தது. கையில் ஆன்டெனாவைப் பிடித்து வானத்தில் அது நகரும் பாதையைத் தொடர்ந்தபடி, சில நிமிடங்களுக்குள் பேசி முடிக்க வேண்டும். அதற்குள் அது அடிவானத்துக்குக் கீழே போய்விடும்.

சர்வதேச விண்வெளி நிலையத்திலும் ஹாம் ரேடியோ உண்டு. அங்கிருந்து வரும் குரலை 145.800 மெகாஹெர்ட்ஸில் கேட்கலாம். 2025 ஜூலையில் இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா அங்கிருந்தபோது மாணவர்களோடு பேசியதில் ஹாம் ரேடியோ உரையாடல்களும் அடக்கம். பல பள்ளிகளில் இத்தகைய உரையாடலுக்குத் தரையில் ஆன்டெனா கட்டி, பயிற்சி கொடுத்து, அந்தப் பத்து நிமிடம் சொதப்பாமல் பார்த்துக்கொள்வது அருகில் இருக்கும் ஏதோ ஒரு ஹாம் கிளப்தான்.

பழைய டிடிஎச் டிஷ்ஷை வைத்துப் பேசும் வழியும் வந்துவிட்டது. 2018-ல் ஏவப்பட்ட கத்தார் நாட்டின் எஸ்ஹெயில்-2 செயற்கைக்கோளில் ஹாம்களுக்கு ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அது இந்தியாவிலிருந்து 24 மணி நேரமும் தெரியும்.

போர்ட் பிளேர், 2004

பொழுதுபோக்கும் பேரிடரும் எப்படி ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன என்பதற்கு அந்தமானில் நடந்ததைவிட நல்ல உதாரணம் கிடையாது.

உலகத்து ஹாம்களுக்கு ஒரு பைத்தியம் உண்டு. எத்தனை நாடுகள், எத்தனை தீவுகளோடு பேசினோம் என்று கணக்கு வைப்பது, அதற்குச் சாட்சியாக ‘கியூ.எஸ்.எல்’ என்ற அஞ்சலட்டையைச் சேர்ப்பது. இந்தக் கணக்கில் அந்தமான் நிகோபார் தனிப் பிரதேசம். பல ஆண்டுகளாக அங்கிருந்து ஹாம்கள் பேச அனுமதியே இல்லாததால் மிக அரிதான ஒன்று. 2004 டிசம்பரில் டெல்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத், ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் ஆதரவோடு, அனுமதி வாங்கிக்கொண்டு குழுவோடு போர்ட் பிளேர் போனார். ஹோட்டலில் நிலையம் அமைத்தார். உலகமே வரிசையில் நின்றது. ஆயிரக்கணக்கான தொடர்புகள் பதிவாயின.

டிசம்பர் 26 காலை 6.29-க்கு சுமத்ரா அருகே பூகம்பம். பிறகு சுனாமி. தீவுகளுக்கும் நிலப்பரப்புக்கும் இடையேயான தொலைபேசி இணைப்புகள் அறுந்தன. அங்கே ஏற்கெனவே கட்டி, சோதித்து, உலகம் முழுக்கக் கேட்கும் நிலையில் ஒரு ரேடியோ நிலையம் இருந்தது. அட்டை சேர்ப்பவர்களுக்காகக் கட்டியது. பாரதி அதே ரேடியோவில் நிலப்பரப்பு ஹாம்களை அழைத்து, தகவல்களைக் கடத்தத் தொடங்கினார். தீவில் இருப்பவர் உயிரோடு இருக்கிறாரா என்ற விசாரிப்புகள் இந்தப் பக்கம், ‘நலம்’ என்ற பதில்கள் அந்தப் பக்கம். பிறகு கார் நிகோபாரிலும் நிலையம் அமைக்கப்பட்டது. போர்ட் பிளேரில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம் என்பதால் இந்த விசாரிப்புகள் தமிழ்நாட்டுக்கு அந்நியமானவை இல்லை. அதே நாட்களில் இலங்கையின் தென்கரையிலும் இலங்கை ஹாம்கள் கொழும்போடு தொடர்பு ஏற்படுத்திக் கொடுத்தார்கள்.

இதைச் சொல்லும்போது மிகைப்படுத்தவும் கூடாது. இன்று பேரிடர் மீட்புப் படையிடம் சாட்டிலைட் போன் இருக்கிறது, போலீஸுக்குத் தனி வயர்லெஸ் இருக்கிறது. ஹாம்கள் வந்துதான் நகரம் பிழைத்தது என்று எழுதப்படும் ஃபார்வர்டுகளை அவர்களே ரசிப்பதில்லை. அவர்கள் நிரப்புவது ஓர் இடைவெளியை. முதல் சில மணி நேரம், அரசு இயந்திரம் வந்து சேராத சந்து, மற்றும் ‘எங்க அப்பா எங்கே?’ என்று கேட்கும் சாமானியரின் கேள்வி. மேற்கு வங்க ரேடியோ கிளப் இந்தக் கடைசி வேலையைச் சத்தமில்லாமல் செய்கிறது. கங்காசாகர் மேளாவில் தொலைந்துபோனவர்கள், ஊர் பேர் சொல்லத் தெரியாத முதியவர்கள் ஆகியோரின் குடும்பத்தை, நாடு முழுக்க இருக்கும் ஹாம்கள் வழியாக விசாரித்துக் கண்டுபிடித்துச் சேர்த்துவைக்கிறார்கள். இதில் பாதி வேலை ரேடியோ, மீதி வேலை ஊருக்கு ஊர் ஆள் இருப்பது.

சென்னைக்கு இது புதுசு இல்லை

இன்னொரு தகவல் பலருக்குத் தெரியாது. மெட்ராஸின் முதல் வானொலி ஒலிபரப்பைத் தொடங்கியது அரசாங்கம் இல்லை, ஒரு அமெச்சூர் கிளப். 1924 மே மாதம் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று ஆரம்பித்த மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப், அதே ஆண்டு ஜூலை 31 முதல் ஒலிபரப்பியது. 40 வாட் டிரான்ஸ்மிட்டர். பம்பாயில் இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனி வந்தது 1927-ல்தான். பணத் தட்டுப்பாட்டால் அந்த 1927-லேயே கிளப் மூடப்பட்டு, டிரான்ஸ்மிட்டர் மாநகராட்சிக்குக் கொடுக்கப்பட்டது. 1930 ஏப்ரல் முதல் மாநகராட்சி அதை வைத்து நிகழ்ச்சிகளைத் தொடர்ந்தது. ஆல் இந்தியா ரேடியோ மெட்ராஸுக்கு வந்தது 1938-ல். ரிப்பீட்டருக்கு வசூல் பண்ணும் இன்றைய பொருளாளருக்கு 1927 பொருளாளரின் கஷ்டம் நன்றாகவே புரியும்.

கூட்டம் ஏன் குறைகிறது?

அமெரிக்காவில் ஹாம் உரிமம் வைத்திருப்பவர்கள் 7 லட்சத்துக்கும் மேல். நான்கு மடங்குக்கும் மேல் மக்கள்தொகை உள்ள இந்தியா அதன் பக்கத்தில்கூட வரவில்லை. தேர்வு எழுதிய பிறகு பின்னணி சரிபார்ப்பு முடிந்து உரிமம் கைக்கு வர மாதக்கணக்கில் ஆவது பழைய குறை. கல்லூரி மூன்றாம் ஆண்டில் விண்ணப்பித்தவர் உரிமம் வரும்போது வேறு ஊரில் வேலையில் இருப்பார்.

மலிவான சீன ரேடியோக்கள் ஆன்லைனில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைத்தது இன்னொரு குழப்பம். உரிமம் தேவை என்றே தெரியாமல் பலர் வாங்கினார்கள். 2025-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதற்காகவே வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. டிரெக்கிங், கல்யாண மண்டபம் போன்றவற்றுக்கு உரிமம் இல்லாமல் பயன்படுத்த 446.0 - 446.2 மெகாஹெர்ட்ஸில் குறைந்த சக்தி வாக்கி டாக்கிகள் தனியாக உண்டு. மற்றவற்றை உரிமம் இல்லாமல் இயக்குவது சட்டப்படி குற்றம்.

கிளப்புக்குள்ளேயே தலைமுறைச் சண்டையும் நடக்கிறது. 2017-ல் எஃப்.டி.8 என்ற டிஜிட்டல் முறை வந்தது. உருவாக்கியவர்களில் ஒருவர் இயற்பியல் நோபல் பெற்ற ஜோ டெய்லர். காதுக்கே கேட்காத பலவீனமான சிக்னலைக்கூடக் கம்ப்யூட்டர் படித்துவிடும். மாடி இல்லாத அப்பார்ட்மென்ட்வாசிக்கு இது வரப்பிரசாதம், பால்கனியில் ஒரு கம்பி போதும். மூத்தவர்கள் கேட்பது, ‘கம்ப்யூட்டரும் கம்ப்யூட்டரும் பேசிக்குது, நீ எங்கே பேசுனே?’ இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் பால்கனி மட்டுமே உள்ளவரிடம் மோர்ஸ் கோடின் அழகைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தால் அவர் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார்.

ஹாம் ஒருவர் இறந்துவிட்டால் ‘சைலன்ட் கீ’ என்பார்கள். மோர்ஸ் தட்டும் சாவி மௌனமாகிவிட்டது என்ற பொருளில். அன்றைய நெட்டில் அவரது குறியீட்டை ஒருமுறை அழைத்துவிட்டு, சிறிது நேரம் யாரும் பேசாமல் இருப்பது பல கிளப்களின் வழக்கம். பிறகு இரண்டு மூன்று பேர் அந்த வீட்டுக்குப் போய், மாடியில் இருக்கும் கம்பியை இறக்கி, ரேடியோவைத் துடைத்துப் பெட்டியில் வைத்து, குடும்பத்தாரிடம் அதன் விலையைச் சொல்லிவிட்டு வருவார்கள். பல கிளப்களில் இந்தப் பயணங்கள் முன்பைவிட அடிக்கடி நடக்கின்றன.

சேரணும்னா என்ன பண்ணணும்?

12 வயது நிரம்பியிருந்தால் போதும். தொலைத்தொடர்புத் துறையின் சரல் சஞ்சார் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தேர்வில் இரண்டு பகுதி: அடிப்படை மின்னணுவியலும் ரேடியோவும் ஒன்று, விதிமுறைகள் இன்னொன்று. பிளஸ் டூ இயற்பியல் மறந்திராவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ரெஸ்ட்ரிக்டட் நிலைக்கு மோர்ஸ் தேவையில்லை. ஜெனரல் நிலைக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸ் அனுப்பவும் எடுக்கவும் தெரிய வேண்டும். உரிமத்தை 20 ஆண்டுகளுக்கோ ஆயுள் முழுக்கவோ எடுக்கலாம்.

புத்தகத்தை மட்டும் படித்தும் பாஸ் ஆகலாம். ஆனால் பெரும்பாலான கிளப்கள் வார இறுதியில் வகுப்பு நடத்துகின்றன. உரிமம் வாங்கிய பிறகு மைக் பட்டனை முதன்முதலாக அழுத்தும்போது நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்போது ‘ஒண்ணும் அவசரமில்ல ஓ.எம், மெதுவா சொல்லுங்க’ என்று பதில் தரும் குரல் ஏற்கெனவே தெரிந்த குரலாக இருந்தால் வசதி.

அதற்கு முன்னால் வெறுமனே கேட்டுப் பார்க்க ஆசையா? நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் இருக்கும் ரிசீவர் ஒன்றை யார் வேண்டுமானாலும் மொபைல் பிரவுசரிலேயே இயக்கலாம், இலவசம். ‘வெப் எஸ்.டி.ஆர். ட்வென்டே’ என்று தேடினால் வரும். நம் ஊர் மாலை நேரத்தில் 14.150-ல் தொடங்கி 14.300 மெகாஹெர்ட்ஸ் வரை மெதுவாக நகர்த்திக்கொண்டே போங்கள். இரைச்சலுக்கு நடுவே ஐரோப்பியக் குரல்கள் வரிசையாக வரும். பொறுமையாக இருந்தால், ஏதோ ஒரு மாடியிலிருந்து கிளம்பிய ‘விக்டர் யூனிஃபார்ம் டூ’வும் ஒரு நாள் காதில் விழும்.